நாலாவது மாத்திரை

ஜூன் 3, செவ்வாய்

முதுகெலும்பு உடைந்து இன்றோடு ஆறு நாள். பஞ்சைத் தூக்கி உடைந்தது. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள்.

மில்லில் எங்களுக்கு புளோ ரூம் வேலை. பேல் என்கிற பஞ்சுக் கட்டைப் பிரித்து மெஷினில் போட வேண்டும். பேலைத் தூக்குவது ட்ராலி. நான் தூக்கியது தரையில் சிதறிக் கிடந்த கழிவுப் பஞ்சு, இரண்டு கையால் அள்ளும் அளவு. குனிந்து அள்ளி நிமிரும்போது நடுமுதுகில் டக்கென்றது. அதன்பிறகு நிமிர முடியவில்லை.

மில்லில் விபத்துப் புத்தகம் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வரி ஏறினால் காயத்துக்கு மில் பொறுப்பு, குணமாகும்வரை வேலையும் இருக்கும். ஏறாவிட்டால் லீவு முடிந்த மறுநாள் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். டைம் ஆபீசர் ஜெகநாத் எழுத மாட்டேன் என்கிறார். "பஞ்சத் தூக்கி எவனாவது முதுக ஒடிப்பானாடா? முந்தின நாள் எங்க விழுந்த, அதச் சொல்லு" என்றார். நான் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும்போது கேட்டார்.

எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி.

பெரியாஸ்பத்திரி டாக்டர் நஸீமா, வாயில் போடுவது எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதச் சொன்னார். அவருக்குத் தனித்தாளில் சாப்பாட்டை எழுதிக் கொடுப்பேன். இந்த நோட்டு எனக்கு. யார் என்ன சொன்னார்கள் என்று பின்னால் கேட்டால் கையில் இருக்க வேண்டும்.

காலை இட்லி நான்கு. மதியம் சோறு, கீரை. ராத்திரி தோசை இரண்டு.

ஜூன் 5, வியாழன்

எலும்பு ஸ்கேன் வந்தது. டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் வயதை மறுபடி கேட்டார். முப்பத்துநாலு என்றேன். சீட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டார்.

"எலும்புப்புரை. எழுபது வயசு அம்மாமாருக்குப் பார்க்கிற எலும்பு இது. ஒண்ணு இல்ல, மூணு முள்ளெலும்பு நசுங்கியிருக்கு. ரெண்டு பழசு. உங்களுக்கே தெரியாம ஒடிஞ்சிருக்கு."

"பொம்பளைங்களுக்குத்தானே மேடம் வரும்?"

"ஆம்பளைக்கும் வரும். இந்த வயசுல வந்தா பெரும்பாலும் பின்னாடி ஒரு காரணம் இருக்கும். அதக் கண்டுபிடிக்கணும்."

கேள்விமேல் கேள்வி. குடிப்பீங்களா? எப்போதாவது. பீடி, சிகரெட்? இல்லை. வலிப்புக்கு மாத்திரை? இல்லை. சாப்பிட்டது செரிக்காமல் போகிறதா? இல்லை. வெயிலில் நடப்பது உண்டா? மில்லில் ஏது வெயில். மூச்சிரைப்பு உண்டா? இல்லை. ஸ்டீராய்டு, நாட்டு மருந்துப் பொடி, ஜிம்முக்குப் போய் ஊசி? இல்லை, இல்லை, இல்லை.

"மூச்சிரைப்பு இல்லையா?" என்று இன்னொரு தடவை கேட்டார். நான் பேசுவதை நிறுத்தி மூச்சை அடக்கிக்கொண்டேன். இந்தம்மா மில்லுக்கு வேண்டியவராக இருக்கலாம். இரைப்பு என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறினால் அந்தச் சீட்டு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

"ரெண்டு பழசு" என்றாரே, அதுவும் ஜெகநாத்துக்கு வசதியான பேச்சு.

ஜூன் 6, வெள்ளி

கஞ்சி, துவையல். வலி அப்படியே. என் மனைவி கனி அடுப்படியில் யாரிடமோ போனில் பேசுகிறாள். நான் இருமினால் வைத்துவிடுகிறாள்.

ஜூன் 9, திங்கள்

தவசி வந்தான். என் லைனில் சீனியர் அவன். வயது நாற்பது. தூரத்துச் சொந்தம், மாப்ளே என்றுதான் கூப்பிடுவான்.

"மில்லுல உனக்குப் பட்டம் வச்சாச்சு மாப்ளே. பஞ்சு பயில்வான்."

"எவன் வச்சான்?"

"நான்தான்."

கனிகூடச் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது, முதுகு விடவில்லை. பெண்களுக்கு வரும் நோய் என்று சொன்னதும் தவசி கனியைப் பார்த்தான். "அப்போ அடுத்த வாரம் வளைகாப்பா?" என்றான். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும், பிஸ்கட்டை வைத்துவிட்டு எழுந்தான். கனி உள்ளே போனதும் வழக்கமான பொட்டலங்கள் ஒரு கட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினான்.

"முப்பதாம் தேதி டெஸ்ட்டாம். இந்தத் தடவ பொட்டலம் யார் வாங்குறது?" என்று காதுக்குள் கேட்டான்.

பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 11, புதன்

இன்று ரத்தம் நாலு குழாய். தைராய்டு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின், நாலாவது ஆண் ஹார்மோன்.

நாலாவது எதற்கு என்று கேட்டேன். அது குறைந்தாலும் எலும்பு கரையும் என்றார் டாக்டர். அறையில் இருந்த மூன்று பேர் முன்னால் சாதாரணமாகச் சொன்னார். நர்ஸ் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் பார்த்த மாதிரி இருந்தது.

கனி ஏதாவது சொல்லியிருக்கிறாள். வேறு யார் சொல்வது? போனில் யாரிடம் பேசுகிறாள் என்று ஆட்டோவில் கேட்டேன். "எங்க அக்காகிட்ட" என்றாள். அவள் அக்கா போன வாரமே போன் ரிப்பேர் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

ஜூன் 14, சனி

ஜெகநாத் வீட்டுக்கே வந்தார். ஆறு சாத்துக்குடி. ஆறு வருஷம் தூசி தின்றதற்கு வருஷத்துக்கு ஒன்று.

உட்கார்ந்தபடியே கண்ணால் வீட்டை அளந்தார். கட்டிலுக்கு அடியில், பரணில், பின்வாசலில் பார்த்தார். பாட்டில் தேடுகிறார்.

"டாக்டரம்மா என்ன சொல்லுது?"

"பாத்துக்கிட்டு இருக்காங்க சார்."

"என்ன டெஸ்ட் எடுத்தாலும் ஒரு காப்பி எனக்குக் குடு. உனக்கு நல்லதுக்குத்தான். முதல்லயே வியாதி இருந்துச்சுன்னு அவங்க எழுதினா, மில் என்ன செய்ய முடியும் சொல்லு."

ஒரு தாளை நீட்டினார். வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் 'மனிதாபிமான அடிப்படையில்' ஆறு மாதம் லைட் வேலையாம். யோசிக்கிறேன் என்றேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "முகம் நல்லா பூரிச்சுத்தான் இருக்கு, வீட்டுச் சாப்பாடு" என்று கனியிடம் சொல்லிச் சிரித்தார்.

கனி சிரிக்கவில்லை. அவர் போனபின் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு

தலையணைக்கு அடியில் பொட்டலம் இல்லை. கட்டில், பெட்டி, சட்டைப்பை, எங்கும் இல்லை. கனியிடம் கேட்க முடியாது. கேட்டால் என்ன பொட்டலம் என்பாள்.

மீன் குழம்பு. சுவை என்னவோபோல் இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு நாளாக எழுந்தால் கண் இருட்டுகிறது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. உடம்பில் ஒவ்வொரு மூட்டும் வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்குப் பிறகுதான் இது. அவளும் அதைத்தான் சாப்பிட்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. ரசத்தை ஊட்ட வந்தாள். நீ முதலில் குடி என்றேன். ஒரு மடக்குக் குடித்துக் காட்டினாள்.

நான் அப்போதும் குடிக்கவில்லை.

ஜூன் 18, புதன்

கை நடுங்குகி

ஜூன் 21, சனி

ஆஸ்பத்திரிக் கட்டில். புதன்கிழமை மதியம் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தேனாம். பிரஷரும் சர்க்கரையும் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்ததாம். கனிதான் ஆட்டோ பிடித்திருக்கிறாள். நான் விஷமாக நினைத்த ரசம் அன்று போட்டிருந்த என் சட்டையில் காய்ந்திருக்கிறது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கனியின் கையில் என் பொட்டலக் கட்டு.

"பதினைஞ்சாம் தேதி நான்தான் எடுத்தேன்" என்றாள் கனி. "டாக்டருக்குத்தான் போன் பண்ணிட்டு இருந்தேன். நீங்க சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். இது என்ன மாத்திரைன்னு கேட்டுட்டுக் குடுக்கலாம்னு பாத்தேன். அவங்க மூணு நாள் லீவு, போன் எடுக்கல. இப்படி ஆவும்னு எனக்குத் தெரியாதுங்க."

டாக்டர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். மஞ்சள் ஒன்று, பெரிய வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று. கடைசியாக நகத்தில் ஒட்டும் அளவுக்கு ஒரு குட்டி வெள்ளை.

"முதல் மூணு இருமலுக்கும் வலிக்கும். நாலாவது ஸ்டீராய்டு. எத்தனை வருஷமா?"

"ஆறு."

"தினமுமா?"

தலையாட்டினேன்.

"உடம்பு தானா ஒரு சுரப்பு சுரக்கும். வெளியில இருந்து வந்துக்கிட்டே இருந்ததால அது வேலைய நிறுத்திடுச்சு. எலும்பையும் இது அரிச்சிருக்கு, முகத்தையும் ஊத வச்சிருக்கு. வருஷக்கணக்கா போட்டுட்டுத் திடீர்னு நிறுத்தினதாலதான் புதன்கிழமை உயிருக்கு வந்துச்சு. இனி நான் அளந்து குடுப்பேன், மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்." சீட்டைப் புரட்டி, "அந்த ஹார்மோனும் குறைஞ்சுதான் இருக்கு. அதுக்கும் இது காரணமா இருக்கலாம்" என்றார்.

இந்த ஐந்து வருஷத்தில் கனி எத்தனை டாக்டரிடம் போனாள், எத்தனை கோயிலில் விரதம் இருந்தாள். நான் ஒரு தடவைகூட ரத்தம் கொடுக்கவில்லை.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

மறைக்க ஒன்றுமில்லை, எழுதிவிடுகிறேன்.

புளோ ரூமில் தூசி மூடுபனிபோல் நிற்கும். சேர்ந்து ஒரு வருஷத்துக்குள் எல்லோருக்கும் இரைப்பு வரும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மில் டாக்டர் வந்து ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொல்வார். முள் நானூறைத் தாண்ட வேண்டும். தாண்டாதவனுக்கு மறுநாள் வேலை இல்லை. தூசியைக் குறைக்க மெஷின் உண்டு, வாங்க மாட்டார்கள். ஊத முடியாதவனை மாற்றுவது அதைவிடச் சுலபம்.

அதனால் நாங்கள் செட் போடுகிறோம். மெயின் ரோட்டில் ஜெயக்கொடி அண்ணாச்சியின் மெடிக்கல். சீட்டு வேண்டாம், பேர் வேண்டாம். "புளோ ரூம் செட்" என்றால் போதும், நாலு மாத்திரையைப் பேப்பரில் மடித்துத் தருவார். போட்ட அரை மணியில் நெஞ்சு திறக்கும். டெஸ்ட் வாரத்தில் இரட்டைச் செட். கடை என் வீட்டுக்குப் பக்கம் என்பதால் எங்கள் லைன் பதினோரு பேருக்கும் நான்தான் வாங்கி டிபன் பையில் கொண்டுபோவேன். ஆறு வருஷத்தில் என் லைனில் ஒருவன்கூட டெஸ்ட்டில் தோற்றதில்லை. அதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அந்தக் கடையை எனக்கு முதலில் சொன்னது யார் என்று இன்று காலையிலிருந்து யோசித்தேன். ஞாபகம் வந்தது. முதல் டெஸ்ட்டில் முள் முந்நூற்று அறுபதில் நின்றபோது, "சாயந்தரம் ஜெயக்கொடி கடைக்குப் போய்ட்டு நாளைக்கு வந்து திருப்பி ஊது" என்றார் ஜெகநாத். அவருக்கு என்ன மாத்திரை என்று தெரியுமா, தெரியாதா? தெரிந்துகொள்ளாமல் இருக்கத் தெரியும்.

கனியின் போனில் போன வருஷ ஆயுத பூஜைப் படம் இருந்தது. புளோ ரூம் ஆட்கள் வரிசையாக நிற்கிறோம். கை கால் குச்சி, வயிறு தள்ளி, முகம் மட்டும் உருண்டை. அண்ணன் தம்பிகள் மாதிரி இருக்கிறோம். பதினோரு பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் சொன்னது: "நான் கண்டதை எழுதித் தருவேன். முள்ளெலும்பு உடைஞ்சது, ஸ்டீராய்டால எலும்புப்புரை. எதுக்கு அந்த மாத்திரைய போட்டீங்கன்னு நீங்க வாயால சொன்னாத்தான் அதையும் எழுத முடியும். தூசி, இரைப்பு, டெஸ்ட், எல்லாம்."

சொன்னால் மில்லில் நடந்த காயம் என்று வாதாடலாம். சொன்னால் பத்துப் பேரின் இரைப்பும் வெளியே வரும்.

ஜூன் 26, வியாழன்

தவசியை வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினான்.

"வெளிய யார்ட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. திங்கக்கிழமை டெஸ்ட்டு. நீ எழுதிக் குடுத்தா அன்னிக்கே எங்கள வரிசையா நிப்பாட்டிருவான். என் மூத்தவ காலேஜ்ல ரெண்டாவது வருஷம். நீ படுத்துட்ட. நாங்களும் படுக்கணுமா?"

"படுத்துருவீங்க. அதான் சொல்றேன்."

"உன் எலும்பு சொத்தை. என்னுது இரும்பு. பாக்குறியா?" என்று நெஞ்சில் தட்டினான். தட்டிவிட்டு இருமினான். இருமல் நிற்க வெகுநேரமாயிற்று.

கனி அதுவரை மெஷினில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். "அண்ணே, உங்க மில் மெடிக்கல் கார்டு இருக்கா?"

சேர்ந்த அன்று மில் டாக்டர் எழுதித் தரும் கார்டு. ரத்த வகை, எடை, உயரம். பர்சில் எல்லோரும் வைத்திருப்போம். தவசியின் கார்டில் நூற்று அறுபத்தொன்பது சென்டிமீட்டர்.

"செருப்பக் கழட்டிட்டுச் சுவரோட நில்லுங்க."

"எதுக்கும்மா, சட்டை தைக்கவா?"

"நில்லுங்கண்ணே."

நின்றான். கனி தலைக்குமேல் ஸ்கேலை வைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்தாள். நூற்று அறுபத்துநாலு. மறுபடி அளக்கச் சொன்னான். மறுபடியும் அதேதான். முதுகெலும்பு நசுங்கினால் ஆள் குள்ளமாவான் என்று டாக்டர் அவளிடம் சொல்லியிருக்கிறார். என்னையும் அளந்திருந்தார்கள், நான் நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தேன்.

தவசி கோட்டைத் திரும்பிப் பார்த்தான். கோட்டின்மேல் விரலை வைத்துத் தேய்த்தான். "டேப்பு பழசும்மா" என்றான். கார்டை வாங்கிப் பர்சில் வைத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதே என்று மட்டும் கத்திச் சொன்னேன். கேட்டதா தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

தவசி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டான். காலை பத்து மணியிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் அளக்க வந்தேன் என்று சொல்லவில்லை. உடம்பு எப்படி இருக்கு என்று கேட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள். கனி ஸ்கேலோடு நின்றாள். தவசி வரவில்லை.

ஒன்பது பேர் அளந்தார்கள். இரண்டு பேர்தான் கார்டில் இருந்த உயரத்தில் இருந்தார்கள். ஒருவன் ஆறு சென்டிமீட்டர் குறைந்திருந்தான். அவனுக்கு வயது இருபத்தொன்பது. "அதான் பேண்ட்டெல்லாம் தரையில தேயுது" என்று அவனே சொல்லிச் சிரித்தான், கூட யாரும் சிரிக்கவில்லை.

"வாங்கிக் குடுத்தது நீதானே" என்று ஒருவன் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

நாளைக்குக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி. அதுவரை யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது, எனக்கு என்ன ஆனது என்று கனி எல்லோருக்கும் சொன்னாள். அதே நேரத்துக்குத்தான் மில்லில் டெஸ்ட்டும். வருகிறோம் என்று ஏழு பேர் சொன்னார்கள்.

ஜூன் 30, திங்கள்

ஏழு பேரும் வந்தார்கள். நான் நம்பவில்லை. வாசலில் எண்ணிப் பார்த்த பிறகும் இதில் ஜெகநாத்தின் ஆள் யார் என்றுதான் முதலில் யோசித்தேன். அப்படிப் பழகிவிட்டது.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தூசி, இரைப்பு, குழாய், செட், பதினோரு பொட்டலம், டிபன் பை. அவர் எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டு சீல் வைத்துக் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட ஆரம்பித்தார்.

ஒன்பதரை மணிக்கு ஜெகநாத் வந்தார். கையில் விபத்துப் புத்தகம். அதை மில்லுக்கு வெளியே நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேச்சில் 'டா' இல்லை.

"குருவையா, உன் விஷயத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. சரி பண்ணியாச்சு."

பக்கத்தைத் திறந்தார். மே 28, புளோ ரூம், வேலை நேரத்தில் முதுகில் காயம், பி. குருவையா. மை புதுசு. ஒரு மாதமாக நான் கேட்டது அட்சரம் பிசகாமல் அங்கே இருந்தது.

"இங்க ஒரு கையெழுத்து. அந்த லெட்டரு என்கிட்ட இருக்கட்டும். பயலுகள ரெண்டாவது ஷிப்டுக்கு வரச் சொல்லு, டெஸ்ட்ட நாளைக்கு வச்சுக்கலாம். யாருக்கும் ஒண்ணும் ஆவாது."

"தவசி ஊதினானா சார்?"

"நானூத்தி இருவது. அவன் சிங்கம்ப்பா."

அறை வாசலில் ஏழு பேரும் நின்றிருந்தார்கள். கையில் ஆளுக்கொரு டோக்கன். எங்களையே பார்த்தார்கள். கனி லெட்டரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் வரி அது, நடந்தது அது. ஜெகநாத் லெட்டருக்குக் கை நீட்டினார். நான் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தேன்.

"கீழ ஏழு பேருக்கு இடம் இருக்கு சார். தவசி வந்தா எட்டு."